இரண்டாவது பொட்டலம்

குக்கர் மூடியைத் திறந்ததும் அவித்த கோதுமை வாசனை முகத்தில் அடித்தது. எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, சோற்றைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து தினமும் இதுதான். நீ இருந்திருந்தால், "இத்தினி வருசமா நான் சொன்னப்ப கேக்கல, டாக்டரு சொன்னா கேப்பியா?" என்று இடித்திருப்பாய். இன்று ஏனோ அந்த வாசனையில் உன் ஞாபகம் அதிகமாக வந்து, அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கிரேக்கத் தீவுக்கு நாம் போனது உன் மகன் புண்ணியத்தில்தான். கப்பலில் சமையல்காரனாக இருந்தவன், தன் கப்பல் வந்து நிற்கும் கடலோர ஊரில் நமக்கு அறை பிடித்து, டிக்கெட்டும் அனுப்பினான். ஒரே ஆஸ்பத்திரியில் நீ வார்டு நர்ஸாகவும் நான் சீட்டு எழுதுகிறவளாகவும் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நாம். நம் காஞ்சிபுரத்தில் கடல் ஏது? அந்தத் தீவில் கயிற்றில் ஆக்டோபஸைக் காயப்போட்டிருந்ததைப் பார்த்து, "நம்ம தெருவுல சாயம் போட்ட நூலு தொங்கிக்கினு இருக்குமே, அப்டி இருக்குது மா" என்றாய். நான் எல்லாவற்றுக்கும் மூக்கைப் பொத்தினேன். நீ எல்லாவற்றையும் வாயில் போட்டுப் பார்த்தாய்.

மூன்றாம் நாள் காலை, படகுத்துறைக்கு மேலே இருந்த சின்ன மாதா கோயிலில் பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. கறுப்பு உடுத்திய ஒரு அம்மாள் வாசலில் நின்று ஆளுக்கொரு காகிதப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோயில் வாசலில் யாராவது எதையாவது கொடுத்தால் கை நீட்டாமல் போகிற ஊரா நம் ஊர்? "சுண்டல் குடுக்கறாங்க, வா" என்று என்னையும் இழுத்துப் போய் வரிசையில் நிறுத்தினாய். அவித்த கோதுமை, சர்க்கரை, மாதுளை முத்து, பாதாம். நின்ற இடத்திலேயே தின்று முடித்து, கொஞ்சமும் கூசாமல் இன்னொன்றுக்குக் கை நீட்டினாய். அந்த அம்மாள் உன்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பொட்டலத்தை உன் கையில் வைத்து, உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அது அவள் புருஷன் இறந்த நாற்பதாம் நாள் காரியம் என்று நமக்கு அறை கொடுத்தவர்தான் பிறகு சொன்னார். எனக்கு மானம் போனது. நீயோ அன்று சாயங்காலம் கடற்கரைச் சுவரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, "எனக்கும் இது மாதிரி பண்ணுவியா மா?" என்றாய்.

"வாயக் கழுவு. வந்த எடத்துல பேசற பேச்சா இது?" என்று சொல்லிவிட்டு எழுந்து அறைக்குப் போய்விட்டேன். "சரி, உடு" என்று பின்னாலிருந்து உன் குரல் கேட்டது.

ஊர் திரும்பி நான்கே மாதத்தில் நீ போய்விட்டாய். உடம்பில் இருந்தது தீராத நோய் என்று பயணத்துக்கு முன்பே உனக்குத் தெரியுமாம். உன் மகன் சொன்னான். அன்று கடற்கரையில் அதைச் சொல்லத்தான் நீ வாயெடுத்திருக்கிறாய். பிடிவாதமாகச் சொல்லாமல் போனாயே என்று உன்மேல் கோபம் வந்தது. என்மேல் அதைவிட. உன் நாற்பதாம் நாளில் உங்கள் சர்ச் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கோதுமை கொடுத்தேன். யார் யாரோ வாங்கித் தின்றார்கள். என் மனசு ஆறவில்லை. அன்று உனக்கு வேண்டியிருந்தது கோதுமை இல்லை, கேட்க ஒரு ஆள்.

போன மாதம் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. இப்போது தேறிவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள், நெய்வதை நிறுத்திவிட்டுத் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து, "ஒருவேள நான் திரும்பி வரலன்னு வச்சிக்கோ..." என்று இழுத்தார். உன்னிடம் சொன்ன அதே வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க" என்றேன். அழுகை வந்தது. ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை நான் எழுந்து போகவில்லை.