நாத்தனார் முடிச்சு

பவித்ரன்,

நேத்து ஈப்போ சாப்பாட்டுக் கடையில உங்க அம்மா முன்னாடி சிரிச்சுக்கிட்டே கேட்டியே, "எனக்குத் தங்கச்சி இல்ல, தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சை நீதான் போடணும்லா"ன்னு. நானும் பல்லைக் காட்டித் தலையாட்டிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்குப் பத்திக்கிட்டு வருது.

உங்க அம்மா வாங்கித் தந்த புடவை எனக்குப் பிடிக்கல. மயில் கழுத்துக் கலர் எனக்கு எடுப்பா இருக்காதுன்னு உனக்கே தெரியும். கல்யாண மண்டபம் கோப்பெங்ல, ரொம்பத் தூரம். லீவும் கிடைக்காது.

முடிச்சு போடத் தெரியாதுன்னு சொல்லலாம்னு பார்த்தேன். வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு உன் பால்குடத்து வாயில துணி வச்சுக் கட்டுறதே நான்தானே? ஒரு சொட்டு சிந்தலைன்னு உனக்குப் பார்த்த பொண்ணு ஷாமினிகிட்டயே பெருமை அடிச்சிருக்க. அந்த வழியும் போச்சு.

ஒண்ணு கேக்குறேன். செமோர் தோட்டத்துல பக்கத்துப் பக்கத்து வீட்டுல இருந்த காலத்திலிருந்து உங்க அம்மாவை நான் அத்தைன்னுதான் கூப்பிடுறேன். எந்த ஊர்லடா தங்கச்சி தன் அண்ணனோட அம்மாவை அத்தைன்னு கூப்பிடுவா? இத்தனை வருஷத்துல உனக்கு ஒரு தடவைகூடத் தோணலையா?

சரி, வாரேன். ரவிக்கை தைக்கக் கொடுத்தாச்சு. முடிச்சையும் இறுக்கிப் போடுறேன், அவிழாது.

ஆனா அந்த நேரத்துல எனக்கு அழுகை வந்துட்டா மண்டபமே என்ன சொல்லும் தெரியுமா? "பாரு, கூடப்பிறந்தவ மாதிரி என்ன பாசம்"னு சொல்லும். அதைத்தான்டா என்னால தாங்க முடியாது.

இப்படிக்கு,
உன் தங்கச்சி அல்லாதவள்