பாக்குவெட்டிச் சத்தம்

என் பிரியமான மெக்கானிக் ஐயாவுக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு ஒரு கடிதம்கூட நான் எழுதியதில்லை. எதற்கு எழுத வேண்டும்? திருப்பதியில் வீட்டுக்கு முன்னால் ஷெட். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியிலிருந்து பதில் வரும். ஷெட்டை விட்டுச் சித்தூருக்கு வந்த பிறகும் நீங்கள் வாசலைத் தாண்டிப் போனதில்லை. இப்போது கூப்பிடுவதற்கு யாருமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் வெள்ளைக் காரில் ஒரு சத்தம் வந்துவிட்டது. பேச்சுவாக்கில் ரகுவிடம் சொன்னது என் தவறு. "இந்த வயசுல உனக்குக் கார் எதுக்கும்மா, வித்துடு" என்றான். மகன் சொல்லி நான் கேட்பதா? இந்த மாதத்துக்குள் சத்தம் போகாவிட்டால் நானே விற்றுவிடுகிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் காலண்டரில் மாதம் முடிய எத்தனை நாள் என்று எண்ணினேன்.

நீங்கள் போன இந்த இரண்டு வருஷமாக, வெள்ளிக்கிழமை தோறும் காணிப்பாக்கம் வரை ஓட்டிப் போய்த் திரும்புகிறேன். சாமி கும்பிட என்று ஊருக்குச் சொல்வது. போகும்போதும் வரும்போதும் பக்கத்து ஸீட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே போவேன். வீட்டுக்குள் அப்படிப் பேச என்னால் முடியவில்லை, அசிங்கமாக இருக்கிறது. அந்த ஸீட்டையும் விற்றுவிட்டால் எங்கே போய்ப் பேசுவது?

பைபாஸ் பக்கம் புதிதாக வந்திருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கோபிக்காதீர்கள், எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. தரையில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "என்ன கம்ப்ளெயின்ட் மேடம்?" என்று கேட்டாள். நான் மெக்கானிக் பெண்டாட்டி அல்லவா? நிமிர்ந்து உட்கார்ந்து, "ஃப்ரன்ட் ஷாக் அப்சார்பர்" என்றேன். அவளுடைய பட்டியலில் அந்தப் பெயர் தயாராக இருந்தது. தொட்டாள், முடிந்தது. அதற்கு மேல் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

இரண்டு நாளில் முன்பக்கம் இரண்டையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். கேட்டைத் தாண்டி வலது பக்கம் திருப்புகிறேன், அதே சத்தம். திரும்பிப் போய்க் கேட்டால் அந்தப் பெண் ரொம்ப மரியாதையாகவே சொன்னாள்: "மீரே கதா செப்பாரு மேடம். நீங்கதானே ஷாக் அப்சார்பர்னு சொன்னீங்க."

ஆமாம், நான்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஏர்பேட்டு டெம்போக்காரர் நினைவு. அப்போது நம் ஷெட்டுக்கு வருகிறவர்கள் சொல்லும் வண்டிக் குறையை நோட்டில் எழுதுவது என் வேலை. அவர், "மேடு ஏறும்போது மூக்கடைச்ச கொயந்த மாதிரி அயுவுதும்மா" என்றார். நான் அழகான ஆங்கிலத்தில், இஞ்சினுக்கு இழுவை போதவில்லை என்று எழுதினேன். நீங்கள் கரிக்கையோடு வந்து படித்துவிட்டு, அத்தனை பேர் முன்னால், "ஏ கான்வென்ட், அவன் சொன்னத எழுது. நீ சொல்றத எழுதாத" என்றீர்கள். அன்றைக்கு உங்களோடு நான் பேசவில்லை. நீங்கள் போய் ஏர் ஃபில்டரைக் கழற்றினீர்கள்; புழுதி அடைத்துக் கிடந்தது. வண்டிக்கு உண்மையிலேயே மூக்குதான் அடைத்திருந்தது. நான் எழுதியதை நம்பியிருந்தால் இஞ்சினையே பிரித்திருப்பீர்கள். இதை நான் அப்போதே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

மறுநாள் சத்தத்தோடேயே திருப்பதிக்கு ஓட்டிப் போனேன், உங்களோடு வேலை செய்த காதரிடம். அவன் ஷெட்டில் இப்போது வரிசையாக பேட்டரி ஆட்டோக்கள்.

"இதுங்க வாயே தொறக்காது அண்ணி. கெட்டா கம்முனு நிக்கும், நான் மீட்டர் வெச்சிப் பாத்துக்கினு இருக்கணும். காதுக்கு வேலையே இல்ல. வூட்ல திட்டு வாங்கத்தான் அத்த வெச்சிகினு கீறேன்" என்றான். நீங்கள் இந்த ஆட்டோக்களைப் பார்த்ததில்லையே. உங்கள் காதும் இங்கே சும்மாதான் இருந்திருக்குமோ?

"கார் இஞ்சின் மவுன்ட்..." என்று ஆரம்பித்தேன். பட்டும் புத்தி வரவில்லை பாருங்கள்.

"பேரு வேணாம் அண்ணி. பேரு நான் வெச்சுக்கிறேன். இன்னா மாதிரி கேக்குது, அத்த சொல்லுங்கோ."

நான்கு ஆட்டோ டிரைவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் படித்த கான்வென்டில் வகுப்பில் சத்தம் போட்டால் ஸ்கேல் விரல் முட்டியில் இறங்கும். அந்தப் பயம் எனக்கு இன்றுவரை போகவில்லை. இருந்தாலும் சொன்னேன்: "கட்... கட்... கட்... வலது பக்கம் ஒடிச்சுத் திருப்பும்போது மட்டும். பாக்குவெட்டியில பாக்கு வெட்டற மாதிரி."

யாரும் சிரிக்கவில்லை. காதர் நேராக இடது சக்கரத்தடியில் படுத்தான். "ரப்பர் கிழிஞ்சி கிரீஸ் பூரா வெளிய வந்துட்டுகீது. ஆக்சில் ஜாயின்ட்டு. சாயந்திரத்துக்குள்ள மாத்திடலாம்." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணன் இருந்தா இன்னொருவாட்டி அந்தச் சத்தம் போடச் சொல்லியிருப்பாரு" என்றான்.

சத்தம் போய்விட்டது. கார் இருக்கிறது. அன்று இரவு ரகுவிடம் கொஞ்சம் திமிராகவே சொன்னேன். "சரிம்மா, வெச்சுக்கோ. நீ எப்படி இருக்க?" என்றான். "நல்லா இருக்கேன்" என்றேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. 'நல்லா இருக்கேன்' என்பதும் ஷாக் அப்சார்பர் மாதிரி ஒரு பெயர்தானே? இரண்டு வருஷமாக அவன் கேட்கிறான், நான் அதையே சொல்கிறேன், அவனும் குறித்துக்கொண்டு போய்விடுகிறான். அவனைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

எனக்கு என்ன கேட்கிறது தெரியுமா? சாயங்காலம் ஆறு மணிக்குப் பின்பக்கக் குழாய் திறக்கும், நீங்கள் சோப்புத்தூள் போட்டுக் கை தேய்ப்பீர்கள் என்று காது காத்து நிற்கிறது. வேலையை விட்ட பிறகும் அந்த நேரத்துக்கு அப்படித்தான் கழுவினீர்கள். குழாய் திறக்காது என்று தெரிந்து, பிறகு காபிக்கு ஒரே ஒரு டம்ளரை எடுக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ரகு கூப்பிடுவான். இந்த முறை பெயர் சொல்ல மாட்டேன். என்ன கேட்கிறது, எந்தத் திருப்பத்தில் கேட்கிறது என்பதை, எனக்குக் கேட்கிறபடியே அவனிடம் சொல்வேன். குரல் உடைந்தால் உடையட்டும். சத்தியம்.

சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கும்
உங்கள் மனைவி,
கான்வென்ட்