மஞ்சள் பட்ட பிறப்புச் சான்றிதழ்

அக்கா,

மகளின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க இன்று பழைய ஃபைலைப் பிரித்தேன். அவளுடைய ருமேனியப் பிறப்புச் சான்றிதழும் நீங்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்தே இருந்தன. அடியில் உங்கள் கையெழுத்து. நீங்கள் காலமாகி ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. இங்கே ஆக்லாந்தில், மவுண்ட் ரோஸ்கில்லில் பஸ் திரும்பும்போது இன்னும் உங்கள் வீட்டு ஜன்னலைத்தான் பார்க்கிறேன்.

இவருக்கு புக்காரெஸ்டில் ஐடி வேலையாக இருந்தபோது பிறந்தவள் அவள். பிறகு ஆக்லாந்தில் வேலை கிடைத்ததும், வீடு பார்த்துவிட்டு அழைத்துக்கொள்ளலாம் என்று, இரண்டு வயதுக் குழந்தையைத் திருச்சியில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தோம். இரண்டு மாதம் என்று நினைத்தது எட்டு மாதம் ஆயிற்று. ஸ்கைப்பில் என்னைக் கண்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒருவழியாக அவள் விசாவுக்கு வேண்டியதெல்லாம் சேர்ந்தது. நல்ல காரியத்துக்குப் போகிற காகிதமாயிற்றே என்று, சான்றிதழின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிப் பிள்ளையார் முன் வைத்தேன். நாலாவது மூலையில்தான் சீல் இருந்தது. "குங்குமத்தை மட்டும் ஏன் பாக்கி வச்சே?" என்றார் இவர். துடைக்கத் துடைக்கப் பரவியது. ருமேனியாவிலிருந்து புதிதாக ஒன்று வாங்க மாதக்கணக்காகும்.

அதோடுதான் உங்களிடம் வந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து புக்காரெஸ்டுக்குப் படிக்கப் போய், பல வருடம் அங்கேயே இருந்து, இங்கே வந்து மொழிபெயர்ப்பாளர் ஆனவர் நீங்கள். மறுநாள் நீங்கள் தந்த தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் மட்டும் ஒரு குறிப்பு: மூலப்பிரதியின் மூலைகளில் மஞ்சள் நிறக் கறை, அதன் அடியிலுள்ள முத்திரையை வாசிக்க முடிகிறது. அதிகாரி கவனிக்காமல் விடக்கூடியதை நாமே ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும், எடுத்துவிடுங்கள் என்று அழுதேன்.

"நான் கண்டதைத்தான் எழுதுவன், பிள்ளை. மறைச்சால் களவு எண்டு நினைப்பினம். சொல்லிப்போட்டால் அது வெறும் மஞ்சள்" என்றீர்கள்.

பெரிய அரிச்சந்திரன் என்று வீடு வந்து சேரும்வரை உங்களைத் திட்டினேன். ஐந்தாவது வாரம் விசா வந்தது. கறையைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் பசித்துச் சாப்பிட்டேன்.

அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்திலிருந்தே உங்களுக்குப் போன் செய்தேன். "ஓடி வந்து கட்டிப்பிடிச்சவளோ?" என்று கேட்டீர்கள். "ஆமாக்கா" என்றேன்.

அது பொய். என்னைப் பார்த்ததும் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுக்கு வந்தும் பதினோரு நாள் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. விட்டுவிட்டு வந்த தாயைப் பிள்ளை மறந்துவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று உங்களிடம்கூட மறைத்தேன். இன்று உங்கள் தாளைத் திரும்பப் படித்தபின் மறைக்கத் தோன்றவில்லை. சொன்னதில் மனசு லேசாகத்தான் இருக்கிறது.

அன்று போனில் சொன்னதை மாற்றிக்கொள்ளுங்கள், அக்கா. அவள் ஓடி வரவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை, பால் டம்ளரோடு மெதுவாக நடந்து வந்து, தானாக என் மடியில் உட்கார்ந்தாள்.