மூக்குத்தி போட்ட பக்கீர்

ஆனி 3

மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடம் கரையைத் தொட்டு ஓடியதே போன வருஷம், அந்த ஆடியில்தான் என் வீட்டுக்காரி பூவம்மாள் போனாள். எனக்கு எழுத்து தெரியாது. பேத்தி காட்டிய பொத்தானை அழுத்திப் பேசினால் போன் எழுதிக்கொள்கிறது. வருகிற ஆடி ஏழு அவளுக்குத் திதி. மாட்டப் படம் வேண்டும். இருப்பது ஆதார் கார்டில் ஒன்றுதான் — கண்ணை மூடியிருக்கிறாள். மகன் செந்தில்குமார் அதையே பெரிசு பண்ணி மாட்டுகிறானாம். விடமாட்டேன். நானே வரைவேன்.

ஆனி 7

கஜா புயலில் தென்னையெல்லாம் சாய்ந்து, மரமேறும் வேலையில்லாமல் நான் பக்கீர் முகம்மதுவின் டீக்கடையில் கிடந்தபோது, கடைக்கு அடித்து மீந்த பெயின்ட்டை எடுத்து அவன் கடைப் பலகையில் அவனையே வரைந்தேன். அதுதான் ஆரம்பம். கற்றுக்கொடுக்க ஆளில்லை, எதிரே இருந்தது அவன் மூஞ்சிதான். இன்றுவரை யாரை வரைந்தாலும் அதே கிளிமூக்கு, அதே ஏறிய புருவம். ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் நான்தான் படம். எல்லாம் பக்கீர்.

ஆனி 12

பூவம்மாளை முடித்தேன். பக்கீர் வந்து பார்த்தான்.

"யோவ், நான் எதுக்குய்யா மூக்குத்தி போட்டிருக்கேன்?"

ஆனி 15

மறுபடி வரைந்தேன். பக்கீர்.

ஆனி 16

பக்கீர்.

ஆனி 24

கடையில் சண்டை. "வீட்டுக்கு வீடு என் மூஞ்சிக்கு மாலை போட்டு வெச்சிருக்காங்க! நேத்து பாபநாசம் பஸ்ல ஒரு அம்மா என்னப் பாத்துட்டு 'மாமா!'ன்னு அலறுது. நான் உசுரோட இருக்கேன்யா!"

நான் என்ன செய்ய? கை அங்கேதான் போகிறது. எந்தப் பொங்கலுக்கு எந்தப் புடவை கட்டினாள் என்று கேளுங்கள், சொல்வேன். கண்ணை மூடினால் வந்து நிற்கிறாள். பிரஷ்ஷ எடுத்தா ஓடிப்போயிடுறா. ஏண்டி?

ஆடி 2

ஆதார் படத்துக்குக் கண்ணாடி போட செந்தில்குமார் கும்பகோணம் போகிறான். கடையில் உட்கார்ந்திருந்தேன். டீயை வைத்த பக்கீர் திடீரென்று தோள்துண்டைத் தலையில் முந்தானையாக இழுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து முறைத்தான்.

"அண்ணே! இவருக்குச் சீனி போட்டீங்களா?"

அசல் பூவம்மாள். எனக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து தினமும் கடைவாசலில் நின்று அவள் முறைத்த முறைப்பு. டீ எனக்கு மூக்கில் ஏறிவிட்டது.

"அசையாதய்யா பாய்! எனக்கு ஒன்னத்தானே வரையத் தெரியும்!"

பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். பாவம், முந்தானையோடு மத்தியானம் வரை முறைத்தான்.

ஆடி 7

திதி முடிந்தது. நான் வரைந்த படத்தைச் செந்தில்குமார் பார்த்தான். என் கையிலிருந்த பாயசத்தை வாங்கிக் கீழே வைத்தான்.

"வேணாம்ப்பா. அம்மா பாக்குது."

மூக்கு மட்டும் கொஞ்சம் பக்கீர்தான். இருக்கட்டும். கடையில் என்னோடு அந்த முறைப்பை டம்ளரும் கையுமாக வாங்கிக்கொண்ட கூட்டத்தில் சாமிக்கண்ணு போனான், கறிக்கடை ராவுத்தர் போனார். என்னை விட்டால் இனி மிச்சம் ஒரே ஆள் — பக்கீர் முகம்மது.