கண்ணிவெடி நிலத்தில் விரித்த பாவு

டேய், சாலிம் அத்திப்பழம் அனுப்பியிருக்கிறார். கெய்ரோவில் வேலை பார்க்கும் கண்ணமங்கலத்துக்காரர் ஒருவர் நேற்று வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் வெயிலில் காய்ந்த மண்ணின் வாசனை. எந்த நிலத்தில் காய்த்தது தெரியுமா? நாம் வேலையைத் தொலைத்தோமே, அதே நிலத்தில்! நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. இதைத் தின்ன இருந்திருக்கக் கூடாதா, பாவி?

எகிப்துப் பாலைவனத்தில் குழாய் பதிக்கப் போனோம். இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயன், ஜெர்மன்காரன், இத்தாலிக்காரன் எல்லோரும் அடுத்தவன் மண்ணில் சண்டை போட்டு, கண்ணிவெடிகளைப் புதைத்துவிட்டுப் போன இடம். குழாய் போகும் பட்டையில் மட்டும் கம்பெனி வெடிகளை எடுத்திருந்தது. அதை ஒட்டியே சாலிமின் நிலம். ஆடு மேய்க்க அதில் இறங்கிய அவர் தம்பிக்கு ஒரு கால் போனது. அதன்பிறகு யாரும் இறங்கவில்லை. அதையும் சுத்தம் செய்து தரச் சொல்லி மனிதர் நடையாய் நடந்தார். ஒப்பந்தத்தில் இல்லை என்று மேலாளர் கைவிரித்துவிட்டார்.

எனக்கும் அக்கறை இல்லை, உண்மையைச் சொல்கிறேன். அவருக்கு ஏதாவது செய்யணும் என்று நீ ஆரம்பித்ததும், "நமக்கு இன்னாத்துக்குடா இந்த பேஜாரு? வூடு பாதியில நின்னுகினு கீது" என்று கத்தினேன். நீ நிதானமாகக் கேட்டாய்: "வெள்ளைக்காரனுக்காக நம்ம ஆளுங்களும்தான் இங்க வந்து சண்ட போட்டாங்க. இதுல நம்மாளு பொதைச்சது எதுன்னு எவனுக்குத் தெரியும்?"

மறுநாள் காலையில் நீ செய்த வேலை இருக்கிறதே! குழாய் போகும் வழிக்குக் குறுக்கே முளை அடித்து, ஊரில் தறிக்குப் பட்டு நூலை நீளமாக இழுத்துப் பாவு விரிப்பதுபோல் இடுப்புயரத்துக்கு வரிசையாகக் கயிறுகளை இழுத்துக் கட்டினாய். நம் சேவூரில் பாவு விரித்த தெருவில் கல்யாண ஊர்வலமே சுற்றித்தான் போகும். நம் கூட்டத்தில் ஆரணிப் பக்கத்து ஆட்கள் பதினாலு பேர். ஒருத்தனும் தாண்டவில்லை. அவர்கள் நின்றதும் மற்றவர்களும் கருவிகளைக் கீழே வைத்தார்கள். மேலாளர் ஆங்கிலத்தில் குதியோ குதியென்று குதித்தார். "பாவு கட்டிக்கீது சார், தாண்டக் கூடாது" என்றாய், தமிழிலேயே.

ஆறாம் நாள் கம்பெனி பணிந்து, சாலிமின் நிலத்தையும் சுத்தம் செய்ய ஆள் அனுப்பியது. துருப்பிடித்த வெடிகள் ஒரு லாரி நிறைய வெளியே வந்தன. நிலம் சுத்தம் என்று எழுதிக் கொடுத்த பிறகும் சாலிம் விளிம்பிலேயே நின்றார். நீ செருப்பைக் கழற்றிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்தாய். "ஜல்தி வாடா, மாமியார் வூட்டுக்கா போறே?" நானும் செருப்பை உதறிவிட்டு உன் இழுப்புக்கு வந்தேன். பாதி நிலம் கடந்ததும் பின்னால் ஓடிவரும் சத்தம். தம்பியை முதுகில் சுமந்துகொண்டு சாலிம்! இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

அடுத்த வாரமே, வேலையை நிறுத்திய கூட்டாளிகள் என்று நம் இருவரையும் விமானம் ஏற்றிவிட்டார்கள். "வெளிநாடு போயி ஒரு வருசம் தாங்கலியே" என்று ஊரே கேலி பேசியது. பல வருடம் எனக்கும் உன்மேல் கோபம்தான். இப்போது யார் கேட்டாலும் மார்தட்டிச் சொல்கிறேன்: பெரிய பெரிய ராஜ்ஜியங்கள் புதைத்துவிட்டு ஓடியதை, சேவூர்க்காரன் ஒருவன் கயிறு கட்டியே தோண்ட வைத்தான், அந்த நிலத்தில் அவனோடு நானும் வெறுங்காலில் நடந்தேன்.

நீ இழுத்துத்தான் வந்தேன் என்பதை மட்டும் சொல்வதில்லை. நானே துணிந்து நடந்ததாகத்தான் பீற்றிக்கொள்கிறேன். தைரியம் இருந்தால் வந்து இல்லையென்று சொல்லுடா, பார்க்கலாம்!