எலியாவுக்குக் கிடைத்த அப்பம்

என் பிரியமுள்ள ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வழக்கம்போல நானுஓயா ஸ்டேஷனிலிருந்து ஓட்டோவில் ஆள் ஏற்றுகிறேன். யாராவது கேட்டால் நல்லாயிருக்கேன் என்கிறேன். ஜெபம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. முழங்கால் போடுகிறேன், அவ்வளவுதான்.

நம் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சபைக்குப் பாஸ்டர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில், வாரமெல்லாம் கொழுந்து பறித்த கையால் வேதத்தைத் திறந்து நீங்கள்தான் செய்தி கொடுப்பீர்கள். தீர்க்கதரிசிகளைக் கடவுள் எப்படித் தயார் பண்ணினார் என்று ஒவ்வொருவராகச் சொல்லி வந்தீர்கள். மோசேயை நாற்பது வருஷம் ஆடு மேய்க்க விட்டதைச் சொன்ன அன்று எல்லோரும் சிரித்தோம். அடுத்தது எலியா.

அந்தச் செய்திக்காக மூன்று நாள் உபவாசம் இருந்தீர்கள். சீனி வியாதிக்குக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டீர்கள், வெறும் வயிற்றில். ஞாயிறு காலை சபைக்குக் கிளம்பியவர் வாசற்படியிலேயே விழுந்தீர்கள், பிறகு கண் திறக்கவே இல்லை. சாப்பிடாமல் மாத்திரை போட்டதால் சீனி ஒரேயடியாக இறங்கிவிட்டதாம், ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சாப்பிடாமல் மாத்திரை போடலாமா என்று முதல் நாளே நான் கேட்டிருந்தால், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றிருப்பீர்கள். நான்தான் கேட்கவே இல்லையே.

போன வாரம் ராசாத்தி அக்கா வந்தார். உங்களோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர் அல்லவா, நீங்கள் எழுதி வைத்ததையாவது சபையில் வாசிக்கச் சொன்னார். கொப்பியைப் புரட்டினேன். எலியா நாற்பது நாள் சாப்பிடாமல் நடந்ததை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தீர்கள்.

வேதத்தில் அந்த இடத்தைத் தேடிப் படித்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது அக்கா. அந்த நடைக்கு முன்னால் எலியா, செத்தால் போதும் என்று ஒரு செடியடியில் படுத்துக் கிடக்கிறார். தூதன் வந்து எழுப்புகிறான். ஜெபம் பண்ணச் சொல்லவில்லை, அப்பத்தைக் காட்டிச் சாப்பிடச் சொல்கிறான். திரும்பத் தூங்கியவரை மறுபடி எழுப்பி மறுபடியும் சாப்பிட வைக்கிறான். இதை ஏன் எழுதாமல் விட்டீர்கள்? கண்ணில் படவில்லையா, அல்லது சாப்பாடும் ஒரு ஆயத்தம் என்று தோன்றவில்லையா?

ஞாயிற்றுக்கிழமை அதையே சபையில் சொன்னேன். யார் வீட்டு விஷயமோ போலச் சொன்னேன். கடவுளை நம்புகிறவர்கள் அவர் கொடுக்கிற சோற்றையும் நம்ப வேண்டும் என்றேன். ராசாத்தி அக்கா எழுந்துவிட்டார்.

"ஏன்டா செல்வம், செத்துப்போனவள சபையில வச்சு குத்தம் சொல்றியா?"

"அவங்கள சொல்லலக்கா. அந்த மூணு நாளும் அவங்க பங்கு ரொட்டிய எனக்குத்தான் தந்தாங்க. நான் வேணாம்னு சொல்லல. நல்லா சாப்பிட்டேன்."

ராசாத்தி அக்கா மெதுவாக உட்கார்ந்து, பையிலிருந்து தன் மாத்திரை உறையை எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சீனி. உங்களை நினைத்து முந்தின நாளிலிருந்து அவரும் உபவாசமாம், பக்கத்தில் போய்க் கேட்டபோது சொன்னார். எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஜெபம் முடியும்வரை நான் காத்திருக்கவில்லை. அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய், தட்டில் சோறு போட்டு, முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

இனி நம் லயத்தில் மாத்திரை போடுகிற யார் உபவாசம் என்றாலும், தட்டோடு போய் நிற்பேன். விசுவாசம் இல்லாதவன் என்று திட்டினாலும் நகரமாட்டேன். உங்களிடம் ஒருமுறைகூடச் சொல்லாததை அவர்களிடம் சொல்வேன்: முதல்ல சாப்பிடுங்க.

உங்கள் கூடப்பிறந்த தம்பி,
செல்வம்