சால்வைக்குள் உடைந்த ஆம்ப்ளிஃபயர்

என் வீட்டு மகாராணி இன்ஷிராவுக்கு, தோஹாவிலிருந்து ருஷ்தியின் ஆயிரம் சலாம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இனி நான் சொல்லப்போவதை அலெக்ஸாந்திரியாவில் ஒருவரும் நம்பமாட்டார்கள், சத்தியம்.

உன் சால்வையில் சுற்றி நீ அனுப்பிய வால்வு ஆம்ப்ளிஃபயரைச் சரக்குக் கம்பெனிப் பாவிகள் ஒட்டகத்தின் முதுகிலிருந்து ஏழு முறை தள்ளியிருக்கிறார்கள். நான்கு கண்ணாடி வால்வும் தூள். இழப்பீடு வந்தால்தான் புது வால்வு, நான் வாசிக்கும் கல்யாணக் கச்சேரி எல்லாம். கம்பெனி ஆபீசுக்குப் போனேன். ஜாபிர் என்று ஒரு குமாஸ்தா. அவன் மீசையில் இரண்டு கப்பலைக் கட்டி நிறுத்தலாம்.

“பெட்டி, சுத்தின துணி எல்லாத்தையும் ஒப்படைச்சாத்தான் காசு, ஹாஜி. அந்தச் சால்வையையும் வை.”

“என் பொண்டாட்டி சால்வைடா! உங்க குடோன் எலிக்கு மெத்தை போடவா?”

“அப்போ ஒண்ணும் கிடையாது. சால்வையில சுத்தினதே தப்பு.”

“உன் மீசையில சுத்தியிருந்தா உடைஞ்சிருக்காது!”

நாற்பதாயிரம் பேர் கைதட்ட, அவன் மேசையைக் கவிழ்த்துவிட்டு வெளியேறினேன்.

ஆம்ப்ளிஃபயர் கட்டிலடியில் ஊமையாகக் கிடக்கிறது. நீ பூசும் மல்லிகை எண்ணெய் ஒரு சின்னக் குப்பி அனுப்பு; சால்வையில் உன் வாசம் குறைந்துவருகிறது. இம்முறை பஞ்சு வைத்துக் கட்டு. ஷிப்டு வண்டிக்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான், முடிக்கிறேன்.

ஒட்டகம், கைதட்டல், கவிழ்ந்த மேசை எல்லாம் என் சவடால். சால்வையைக் கொடுக்க மனம் வராமல் திரும்பியது மட்டும் உண்மை.

உன் ருஷ்தி